செந்தட்டி, காஞ்சொறி: பெயர்க்காரணமும் பொருள் எல்லையும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். இத்தகைய அடிவாரப் புதர்களிலும் வேலிகளிலும் படரும் கொடி செந்தட்டி. காஞ்சொறி, சிறுகாஞ்சொறி என்றும் வழங்கும். தாவரவியலார் இதனைத் திராகியா இன்வொலுக்ரேட்டா என்பர். ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆங்கில ‘நெட்டில்’ என்பதற்கும் இப்பெயர்களே நிகராக எழுதப்பெறுவதால் பொருள் மயங்குகிறது. இப்பெயர்களின் சொல்லமைப்பையும் பொருள் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செந்தட்டி

செம் + தட்டி என்பது செந்தட்டி ஆயிற்று. மகரம் தகரத்தின்முன் நகரமாகத் திரிந்தது. ‘தட்டு’ என்னும் வினையடி இகர விகுதி பெற்றுப் பெயராயிற்று. நாயுருவி, தொட்டாற்சுருங்கி என்பனவும் இவ்வமைப்பினவே. மேனியில் தட்டிய இடத்தைச் சிவக்கச் செய்வது என்பது பொருந்தும் பொருளாகும்.

காஞ்சொறி

இதன் பின்னுறுப்பு ‘சொறி’ என்பதில் ஐயமில்லை. 1678 முதல் 1693 வரை வெளிவந்த ஓர்த்துசு மலபாரிக்குசு நூலும் ‘சொறியணம்’ என்னும் மலையாளப் பெயரைப் பதிவு செய்துள்ளது. முன்னுறுப்பைக் ‘கான்’ எனக் கொண்டால் காட்டுச்சொறி எனப் பொருள்படும். ஆயின் னகரம் சகரத்தின்முன் ஞகரமாதல் பொதுவிதியன்று. ‘காய்’ எனக் கொண்டால் எரிதற்பொருள் இயைகிறது. எனினும் வினைத்தொகையில் மெல்லெழுத்து மிகுதல் இயல்பன்று. எரிச்சலைக் குறிக்கும் ‘காந்து’ என்னும் வினையடி குறுகிச் சகரத்தின்முன் ஞகர ஒற்றுப் பெற்றது எனக் கொள்வதில் ஒலியும் பொருளும் ஒருங்கே இயைகின்றன.

பெயரும் பண்பும்

இக்கொடியின் கொட்டுமயிரிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப்படிகம் தோலைத் துளைக்க, நச்சுநீர் உட்புகுந்து எரிச்சலும் அரிப்பும் செந்தடிப்பும் தோன்றும். காந்துதல், சொறிதல், சிவத்தல் ஆகிய மூன்றும் தமிழ்ப்பெயர்களில் அமைந்துள்ளன. வடமொழி ‘விருச்சிகாலி’ தேளை உவமையாக்குகிறது. ‘திராகியா’ என்பதோ 16ஆம் நூற்றாண்டுச் செருமானியத் தாவரவியலார் போக்கு என்பாரின் பெயர்வழி வந்தது. கடா எனப் பொருள்படும் அப்பெயரில் செடியின் பண்பு இல்லை.

பொருள் எல்லை

ஐரோப்பாவிலும் இமயத்திலும் வளரும் உர்ட்டிகா வேறு குடும்பத்தது. அதன் மயிர்நுனி சிலிக்காவால் ஆயது. முறிந்து நச்சுநீரைச் செலுத்தும். கொட்டும் தன்மை ஒன்றேயன்றி மருந்துப்பண்பு ஒன்றெனக் கொள்ள இயலாது. சங்கரன்கோவில் பகுதியில் செந்தட்டி என்னும் ஊரும், தென்மாவட்டங்களில் செந்தட்டி அய்யனார் வழிபாடும் உண்டு. பெயரொப்புமை ஒன்றையே கொண்டு அவை கொடியின்வழி வந்தன எனத் துணிதல் ஆகாது.

முடிவுரை

செந்தட்டி, காஞ்சொறி என்பன தொடுதலின் விளைவை உரைக்கும் காரணப்பெயர்கள். காரணம் பல செடிகளுக்கும் பொதுவாகலின், அகராதிகளும் மருத்துவ நூல்களும் தாவரவியற் பெயரை உடன் தருதல் வேண்டும். இன்றேல் ஒரு செடிக்குரிய மருந்துமுறை மற்றொன்றுக்கு ஏற்றப்படும்.