கண்ணும் காட்சியும் – 9: அவள் யாரைப் பார்க்கிறாள்?

போன சித்திரையில் ஒரு சாயங்காலம். கரண்ட் போய்விட்டதால், காஞ்சிபுரம் பக்கத்துத் தாமலில் எங்கள் தெருத் திண்ணையில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். பாலைவனத்துச் சாலையில் ஒரு கார் பக்கவாட்டில் சாய்ந்து இரண்டே சக்கரத்தில் ஓடுகிறது. சாய்ந்த காரின் மேல்பக்கம் ஒரு பெண் சாவகாசமாக உட்கார்ந்து நகத்தை அரம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சாலையோரம் நெடுக ஆண்கள் கூட்டமாக நின்று ஆர்ப்பரிக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அலுப்போடு கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவளுடைய ஆயாவும் எட்டிப் பார்த்தார். "அத்தினி ஆம்பளைங்க நிக்கறானுங்க, அந்தப் பொண்ணு ஒருத்தனையாவது திரும்பிப் பாக்குதா பாரு" என்றார்.

இந்தத் தொடருக்காகப் பல மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெண் பாடகர்களின் பாட்டுக் காணொளி பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அந்தத் திண்ணையில்தான் கிடைத்தது.

ஆயா பார்த்தது 'பேட் கேர்ள்ஸ்', 2012இல் வெளிவந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிறிது காலம் சென்னையிலும் இருந்துவிட்டு, அகதியாக மறுபடி லண்டனுக்கே போன ஈழத்தமிழ்ப் பெண். ரோமைன் காவ்ராஸ் இயக்கி மொராக்கோவில் எடுத்த அந்தக் காணொளிக்கு அதே ஆண்டு எம்டிவி விருதுகளில் சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு இரண்டும் கிடைத்தன. அரபு உடையில் பெண்கள் கார் ஓட்டும் இந்தக் காணொளி வந்தபோது, சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்தது. 2018 ஜூனில்தான் தடை நீங்கியது.

பெண் பாடும் காணொளி என்றதும் நம்மூரில் பேச்சு நேராக உடைக்குப் போய்விடுகிறது. என்ன போட்டிருக்கிறாள், எவ்வளவு தெரிகிறது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு காணொளி யாருக்காக எடுக்கப்பட்டது என்று சொல்லவே முடியாது. சட்டகத்துக்குள் வேறு யார் நிற்கிறார்கள், அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், நடுவில் நிற்பவளுடைய கண் எங்கே போகிறது என்று பார்த்தால் சொல்லிவிடலாம். காணொளிக்குள் நிற்கும் கூட்டம்தான் நமக்கு இடம் காட்டுகிறது. எந்த வரிசையில் நின்று, எந்த மனநிலையில் பார்க்க வேண்டும் என்று அதுதான் சொல்லிக்கொடுக்கிறது. திரைப்படத்தில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுபவள் பெண்ணாகவும் அமைந்துபோவதைத் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் விரிவாக எழுதினார். பாட்டுக் காணொளியில் அது இன்னும் பச்சையாகத் தெரியும். நான்கு நிமிடத்தில் கதை சொல்ல நேரமில்லை. பார்வை மட்டும்தான் இருக்கிறது.

அமெரிக்க இசைத் தொலைக்காட்சியான எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியபோது இரண்டாவதாக ஒளிபரப்பிய காணொளியே ஒரு ராக் பாடகியுடையது. பாட் பெனடாரின் 'யூ பெட்டர் ரன்'. கோடு போட்ட பனியனில் நின்று கேமராவை முறைத்துக்கொண்டு பாடுவார். சிரிப்பு கிடையாது, குழைவு கிடையாது. இரண்டு வருடம் கழித்து வந்த 'லவ் இஸ் எ பேட்டில்ஃபீல்ட்' காணொளியில், ஒரு மதுக்கூடத்தில் பெண்களை மிரட்டி வைத்திருக்கும் ஆளின் முன்னால் எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று தோளைக் குலுக்கி ஆடி அவனைப் பின்வாங்க வைப்பார்கள். அதே 1983இல் பாடகி சிண்டி லாப்பர் வந்தார். 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்' பாட்டை முதலில் எழுதியது ராபர்ட் ஹசார்ட் என்ற ஆண், ஆண் பாடுவதாக. லாப்பர் அதைப் பெண் குரலுக்கு மாற்றி, தோழிகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் தெருவில் ஆடிப்போனார். காணொளியில் அம்மாவாக வருவது அவருடைய சொந்த அம்மா.

இந்தக் காணொளிகளை ஆய்வாளர் லிசா லூயிஸ் 1990இல் வெளிவந்த தன் நூலில் ஆராய்ந்தார். அவர் கண்டுசொன்ன விஷயம் எளிமையானது. ஆண்களின் ராக் காணொளியில் தெரு ஆண்பிள்ளைகளின் சொத்து. சுற்றுவதும் நிற்பதும் சாய்வதும் அவர்கள். பெண்கள் முன்னின்ற காணொளிகளில் பெண்கள் தெருவுக்கு வந்து இடம் பிடித்தார்கள், ஒருத்திக்கொருத்தி துணையாக நின்றார்கள். அதைப் பார்த்த பள்ளிக்கூடப் பெண்கள் அந்த உடையிலும் அந்த முடியிலும் கச்சேரிக்குத் திரண்டார்கள். தெரு என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஏரி மதகு, டீக்கடை, பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றிலும் பையன்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் அதே இடங்களைக் கடந்து மட்டும் போவார்கள். தலையைக் குனிந்து, வேகமாக. தெருவில் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மறுபடி கூட்டத்துக்கு வருகிறேன்; அதன் கண்ணுக்கு எது முதலில் காட்டப்படுகிறது என்று பார்ப்போம். காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பாரதக் கூத்தில், மரத்தால் ஆன கிரீடமும் தோளணிகளும் பூண்ட கட்டை வேஷம் எடுத்தவுடன் வெட்டவெளியில் வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்கு மேலே முதலில் கிரீடம் தெரியும். பின்னாலிருந்து பாட்டுக் கேட்கும். முகவீணை கூடவே ஏறும். பிறகு முகம், அதன் பிறகு புஜக்கட்டைகள். திரை விலகும்போது ஆள் முழு உருவமாக, தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். இப்போது நம் சினிமாவில் கதாநாயகி அறிமுகமாகும் பாட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் கொலுசுக்கால், அடுத்து இடுப்பு, அடுத்து கூந்தல், கடைசியில்தான் முகம். எது முதலில் காட்டப்படுகிறது என்பதிலேயே அந்த உருவத்துக்குக் கொடுக்கப்படும் மரியாதை முடிவாகிவிடுகிறது.

அந்தக் கூத்து மேடை தலைமுறை தலைமுறையாக ஆண்களுடையது. துகிலுரியும் கட்டத்தில் திரௌபதியாக நிற்பதும் ஆண்தான். கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கற்பூரம் ஏற்றி அழுவார்கள். பார்வையாளராகப் பெண், பாத்திரமாகப் பெண், ஆடுவது மட்டும் ஆண். இதை உடைத்த இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1990இல் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று தொடங்கிய, புஞ்சரசந்தாங்கலில் இருக்கும் கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் குருகுலம் ஒன்றைத் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. அங்கே பயின்ற திலகவதி பழனி கட்டை வேஷமே கட்டி ஆடுகிறார். கிரீடமும் புஜக்கட்டையுமாக ஒரு பெண் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது பார்க்கும் கண் தானாகவே வேறாகிறது. ராக் மேடையில் கிடாரோடு நிற்கும் பெண்ணுக்கு எங்கள் பக்கத்து உறவுக்காரி யார் என்று கேட்டால், தயங்காமல் இவரைத்தான் சொல்வேன். குருகுலம் 2020இல் மூடப்பட்டது எங்கள் வட்டாரத்துக்குப் பெரிய இழப்பு.

தமிழில் பெண் முன்னின்று பாடும் ராக் குழுக்கள் மிகக் குறைவு. ராக் இல்லாவிட்டாலும், பாட்டுக் காணொளி என்றால் எல்லார் வாயிலும் வருவது 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா தளத்தில் வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் இயக்கம். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள். வரிகளை அறிவு எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டு. பாட்டியும் காணொளியில் வருகிறார். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பாட்டியையும் ஊர்க்காரர்களையும்தான். வயதான, கறுத்த, உழைத்த முகங்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. அவர்கள் பின்னணி அலங்காரமாக நிற்கவில்லை. அது அவர்களுடைய பாட்டு.

காணொளிக்கு வெளியே நடந்தது வேறு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அமெரிக்காவில் இருந்த அறிவு அந்த மேடையில் இல்லை. சில நாளில் தன் உழைப்பு பற்றி வேதனையோடு எழுதினார். பாடிய பெண்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டால் எல்லா நியாயமும் செய்தாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இது பதில். முன்னால் நிற்கும் முகம் மாறிக்கொண்டே இருக்கலாம். பாட்டு யாருடைய வாழ்விலிருந்து வந்ததோ அவர் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டால், அந்தப் படிமம் பாதிதான்.

'பேட் கேர்ள்ஸ்' காணொளிக்கும் இந்தக் கேள்வியைப் போட வேண்டும். அந்தப் பாலைவனமும் முகத்திரையும் தலைத்துணியும் மேற்கத்திய ரசிகனுக்கு வேடிக்கைப் பொருளாகவும் இருக்கக்கூடும். அரபுப் பெண்கள் நெஞ்சு நிமிர்த்திப் பார்க்கும் படமா, லண்டன்காரர்கள் வியந்து பார்க்கும் படமா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். இந்தோனேசியாவில் கருட் மாவட்டத்துக் கிராமப் பள்ளி மாணவிகள் மூவர் 2014இல் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்' என்ற மெட்டல் குழுவுக்கும் இதே சங்கடம் உண்டு. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடை வரை போய்விட்டார்கள். இன்னும் பலர் அவர்கள் வாசிப்பைக் கேட்பதற்கு முன்னால் ஹிஜாபைத்தான் பார்க்கிறார்கள்.

பார்வையாளர் கூட்டம் காலத்தோடு மாறவும் செய்யும். கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் இசைவாணி 2018இல் பாடிய சபரிமலை பற்றிய பாட்டுக்காக, ஆறு வருடம் கழித்து 2024 நவம்பரில் அவருக்கு மிரட்டல்கள் வந்தன. முதலில் கேட்ட கூட்டம் வேறு, பிறகு தேடி வந்த கூட்டம் வேறு. இரண்டாவது கூட்டத்தின் முன்னால் அவர் தனியாக நிற்க வேண்டியிருந்தது.

வாசகர்களிடம், குறிப்பாக வீட்டில் பெண்பிள்ளை இருக்கிற பெற்றோரிடம், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் பார்க்கும் பாட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு இருவரும் பாருங்கள். எது முதலில் தெரிகிறது, சுற்றி நிற்பவர்கள் யார், அவள் யாரைப் பார்க்கிறாள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)