இமை மூடும் அந்த நொடி

காதருகே 115 டெசிபல் அளவுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் யாருக்கும் இமை சட்டென்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு 100 மில்லிவிநாடி முன்னால் மெல்லிய ஓசை ஒன்றை ஒலிக்கவிட்டால் திடுக்கிடல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குக் கீழே ஒட்டிய சிறு மின்முனைகள் தசைத் துடிப்பின் அந்த வித்தியாசத்தைப் பதிவு செய்கின்றன. முன்னால் வந்த ஓசையை வாங்கிக்கொள்ளும்வரை பின்னால் வருவதை மூளை தடுத்து வைக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்தத் தடுப்பு தளர்ந்திருப்பதை டேவிட் பிராஃபும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் காட்டினார்கள்.

தடுப்பைத் தளர்த்துவது எது? மூளை வேதிப்பொருளான டோபமைனின் ஏற்பிகளைத் தூண்டும் அபோமார்ஃபினை எலிக்குக் கொடுத்தால் தடுப்பு குலைகிறது; அதே ஏற்பிகளை அடைக்கும் மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடால் அதை மீட்டுவிடுகிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் டோபமைன்தான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் கெட்டமின் வேறு கதை சொல்கிறது. 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்றும் அறுவை அரங்குகளில் பயன்படும் இந்த மயக்க மருந்து, குளுட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கிறது. எலிகளிடம் இதுவும் தடுப்பைக் குலைக்கிறது. அந்தக் குலைவை ஹாலோபெரிடாலால் சரிசெய்ய முடிவதில்லை, பல ஏற்பிகளில் ஒருசேர வேலை செய்யும் இன்னொரு மனச்சிதைவு மருந்தான குளோசபின் பல சோதனைகளில் சரிசெய்கிறது. நிகோடின் மூன்றாவது வழி. இமைத் துடிப்புக்குப் பதிலாக மூளை அலையை அளக்கும் வேறொரு சோதனையில், அரை விநாடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகளைக் கேட்கும்போது, இரண்டாவதற்கு மூளை அலை சிறுத்துவிட வேண்டும். மனச்சிதைவில் பலருக்கு அது சிறுப்பதில்லை. நிகோடின் கொஞ்ச நேரத்துக்கு அதைச் சீராக்குகிறது. (இதை நம்பிப் புகைப்பது ஆபத்து: சிகரெட் புகை குளோசபினைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்து, ரத்தத்தில் அதன் அளவைக் குறைத்துவிடும்.) ஆக, மூளையின் சல்லடையை ஒரே ஏற்பி தாங்கி நிற்கவில்லை, எந்த மூலையில் பிய்ந்தாலும் அது ஒழுகும்.

எலியும் மனிதரும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நலமாக இருப்பவர்களுக்குக் கெட்டமின் கொடுத்தபோது தடுப்பு எப்போதும் குலையவில்லை. சில ஆய்வுகளில் கூடவும் செய்தது. செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டும் சைலோசைபினோ, மெல்லிய முன்னோசைக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்போது தடுப்பைக் குறைத்து, இடைவெளி நீளும்போது கூட்டியது. என் பார்வையில் இவை வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகின்றன: இந்தத் தடுப்பு திறப்பதும் மூடுவதும் மட்டுமே தெரிந்த கதவாக இருந்தால், ஒரே மருந்து இரு திசையிலும் இழுக்காது. இமைத் துடிப்பை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்ற மறுப்பையும் ஏற்கிறேன். ஹன்டிங்டன் நோயிலும் இதே தளர்வு தென்படுகிறது.

ஆனாலும் மருந்து சாப்பிட்டு மாயக்குரல்கள் அடங்கிய ஒருவர், சந்தை இரைச்சல் இன்னும் தலைக்குள் மோதுகிறது என்று சொன்னால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று ஒதுக்கிவிட இந்தச் சோதனைகள் இடம் தரவில்லை. குரல்கள் ஓர் ஏற்பி வழியாக அடங்கியிருக்கலாம். இரைச்சல் இன்னொரு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கலாம்.