விலைக் குறியீட்டெண்: கூலி பெறுவோரும் அறிய வேண்டிய கணக்கு

"பணவீக்கம் குறைந்துள்ளது" என்று செய்தித்தாள் அறிவிக்கும் அதே நாளில் காய்கறிக் கடைக்குச் செல்லும் இல்லத்தரசி, கையில் உள்ள பணத்துக்குச் சென்ற மாதத்தைவிடக் குறைவாகவே பொருள் கிடைப்பதைக் காண்கிறார். அரசு பொய் சொல்கிறது என்று அவர் எண்ணுகிறார். பொருளாதாரம் பயின்றவரோ, அந்த அம்மையாருக்குக் கணக்குப் புரியவில்லை என்று எண்ணுகிறார். இரண்டும் தவறான எண்ணங்களே. தேர்தல் மேடைகளிலும் இதே நிலைதான். ஒரு தரப்பினர் பணவீக்க விகிதத்தைச் சொல்கின்றனர். மறு தரப்பினர் தக்காளியின் விலையைச் சொல்கின்றனர். பெரும்பாலும் இருவர் கூறுவதும் உண்மையாகவே இருக்கும். எதை எதனுடன் ஒப்பிடுவது என்பதைக் கேட்பவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே குறை.

விலையும் விகிதமும்

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆண்டில் 100 ரூபாய்க்குக் கிடைத்த மளிகைப் பொருள், மறு ஆண்டில் 10 சதவிகிதம் உயர்ந்து 110 ரூபாய் ஆகிறது. அதற்கடுத்த ஆண்டில் உயர்வு 4 சதவிகிதம் மட்டுமே. விலை 114 ரூபாய் 40 காசு ஆகிறது. விகிதம் 10இலிருந்து 4 ஆகக் குறைந்துவிட்டது. விலையோ ஒரு காசும் குறையவில்லை. மேலும் ஏறியே இருக்கிறது. விலை உண்மையாகவே இறங்க வேண்டுமானால் விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே செல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கத்துக்கு 4 சதவிகித இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. மேலும் கீழும் 2 சதவிகிதம் வரை விலக அனுமதியும் தரப்பட்டது. விலை அறவே ஏறாதிருப்பது அன்று, அளவோடு ஏறுவதே அந்த இலக்கின் பொருள். இதனை மக்களுக்கு விளக்கிச் சொல்லாமலே "பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது" என்று அறிவித்தால், விலை இறங்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது.

கூடையும் நிறையும்

குறியீட்டெண் என்பது ஒரு கற்பனைக் கூடையின் விலை. குடும்பங்கள் எவ்வெப்பொருளுக்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று முதலில் ஆய்வு நடத்துகின்றனர். அதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறை தரப்படுகிறது. பிறகு விலை திரட்டுவோர் குறிப்பிட்ட கடைகளுக்குத் தவறாது சென்று, அதே தரத்துப் பொருளின் விலையைக் குறித்து வருகின்றனர். அடிப்படை ஆண்டில் கூடையின் விலையை 100 எனக் கொண்டு, பின்வரும் விலைகள் அதனுடன் ஒப்பிடப்படுகின்றன. இதற்கு மேல் இதில் மாயம் எதுவும் இல்லை.

விவாதத்துக்குரியது நிறைதான். 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வரிசையில் வெங்காயத்தின் நிறை 0.64. மாதம் 10,000 ரூபாய் செலவிடும் குடும்பத்தில் வெங்காயத்துக்கு 64 ரூபாய் என்று இதனை வைத்துக்கொள்ளலாம். வெங்காய விலை இருமடங்கானாலும், ஏனைய விலைகள் மாறாதிருந்தால், மொத்த எண் ஏறத்தாழ 0.64 சதவிகிதமே உயரும். ஆனால் வீட்டு வாடகை மாதம் ஒருமுறை, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஓரிருமுறை. வெங்காயம் வாங்குவதோ வாரந்தோறும். அடிக்கடி கொடுக்கும் விலையே மனத்தில் தங்குகிறது. அதனைப் பாமரரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மேலும், குறியீட்டெண் காட்டும் சராசரிக் குடும்பம் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை. அதே வரிசையில் உணவு, பானங்களின் நிறை கிராமப்புறத்துக்கு 54.18, நகர்ப்புறத்துக்கு 36.29. ஏழைக் குடும்பத்தில் உணவின் பங்கு இன்னும் மிகுதி. ஆகவே உணவு விலை மட்டும் ஏறும் ஆண்டில், அறிவிக்கப்படும் எண் ஏழையின் சுமையைக் குறைத்தே காட்டும்.

எந்தக் குறியீட்டெண் என்ற கேள்வியும் உண்டு. நெடுங்காலம் செய்தித்தாள்களின் தலைப்பில் இடம்பெற்றது மொத்த விலைக் குறியீட்டெண். அதில் சேவைகள் இடம்பெறுவதில்லை. மருத்துவர் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் அதன் கூடையில் இல்லை. 2014இலிருந்துதான் ரிசர்வ் வங்கி நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தன் முதன்மை அளவுகோலாகக் கொண்டது.

பம்பாய்த் தொழிலாளர் கேட்ட கேள்வி

குறியீட்டெண்ணைப் புரிந்துகொள்வது படித்தவரின் பொழுதுபோக்கு அன்று என்பதற்குப் பம்பாய் நகரின் வரலாறு சான்று. அங்கே பஞ்சாலைத் தொழிலாளரின் பஞ்சப்படி, நகரின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணுடன் இணைக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணுக்கு 1933-34 அடிப்படை ஆண்டு. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே கூடையைக் கொண்டே கணக்கிட்டு வந்தனர். இவ்வளவு பழைய கூடையில் பிழை புகுவதற்குப் பல வழிகள் உண்டு. முன்பு வாங்கிய துணி வகை சந்தையிலிருந்தே மறைந்திருக்கும். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சேர்க்கும்போது கணக்கு வழுவலாம். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பழைய வாடகையையே பதிவு செய்தால், புதிதாகக் குடியேறும் தொழிலாளி கொடுக்கும் வாடகை கணக்கில் வராது.

கடையில் கொடுக்கும் விலைக்கும் குறியீட்டெண் காட்டும் உயர்வுக்கும் பொருத்தமில்லை என்று தொழிற்சங்கங்கள் வாதிட்டன. 1963 ஆகஸ்டில் நகரில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. மராட்டிய மாநில அரசு, பொருளாதார அறிஞர் டி. டி. லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழு ஆராய்ந்ததில், எண் உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது தெரியவந்தது. அது திருத்தப்பட்டது, பஞ்சப்படியும் உயர்ந்தது. புள்ளியியல் துறையினர் அன்று வேண்டுமென்றே பிழை செய்தனர் என்று கூறுவதற்கில்லை. கணக்கின் உட்பகுதியைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் வெளியே இருந்தமையால்தான் பிழை வெளிப்பட்டது.

ஒரு ரூபாய் உயர்வு

ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது; கணக்கைப் படித்துச் சொல்லத் தலைவர்களும் இருந்தனர். விவசாயக் கூலித் தொழிலாளருக்கு அந்த வாய்ப்பு அரிது. அவர்களுக்கென்று சிம்லாவிலுள்ள தொழிலாளர் பணியகம் தனிக் குறியீட்டெண் வெளியிட்டு வருகிறது. 1986-87ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசை 1995 நவம்பரில் அறிமுகமாயிற்று; ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடப்பில் இருந்தது. அதன் நிறைகள் 1983ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்விலிருந்து பெறப்பட்டவை. உணவின் நிறை 69 சதவிகிதம். செல்பேசி என்ற பொருளே அறியப்படாத காலத்துக் கூடை அது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட கூலி, 2011 முதல் இந்தக் குறியீட்டெண்ணுடன் பிணைக்கப்பட்டது. விலை ஏறினால் கூலியும் தானாகவே ஏறும் என்ற நோக்கில் அது நல்ல ஏற்பாடே. ஆனால் விளைவைப் பாருங்கள். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் 2016-17இல் நாளொன்றுக்குக் கூலி 167 ரூபாய். 2017-18இல் 168 ரூபாய். 2018-19இலும் அதே 168 ரூபாய். இது அம்மாநிலங்களில் விவசாய வேலைக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலியினும் குறைவு.

அக்காலத்தில் உணவு விலைகள் மெதுவாகவே ஏறின. நல்ல விளைச்சலால் பருப்பு விலை சரிந்தது. நூற்றில் 69 பங்கு உணவாக உள்ள கூடையில், உணவு ஏறாதபோது மொத்த எண்ணும் ஏறவில்லை. மருந்து, போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அந்தக் கூடையில் இடம் மிகச் சிறிது. வெங்காயத்தின் கதை இங்கே தலைகீழாகிறது: அங்கே உணவின் நிறை குறைவு என்பது ஏழைக்குப் பாதகம், இங்கே உணவின் நிறை மிகுதி என்பதே பாதகமாயிற்று. கிராமப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தலாம் என்று நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்திருந்தது. கிராமத்து நிலவுடைமையாளரின் செலவும் கலந்த எண் அது என்ற மறுப்பும் நியாயமானதே. எனினும் 1983இன் கூடையைவிட அது அண்மைக்காலத்தது.

எளிமைப்படுத்துதல் என்பது எது?

பொருளாதாரத்தை மக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று கூறும்போது, கடினச் சொல்லுக்குப் பதில் எளிய சொல்லை வைத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். "பணவீக்கம்" என்பதை "விலைவாசி உயர்வு" என்று மாற்றிவிட்டால் விளங்கிவிடாது. கூடையில் என்ன இருக்கிறது, எந்த ஆண்டின் கூடை, ஒவ்வொன்றுக்கும் நிறை எவ்வளவு என்ற மூன்றையும் சொன்னால், பள்ளிப் படிப்பு இல்லாதவரும் தம் செலவை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். வீட்டு வரவுசெலவை மனத்திலேயே கணக்கிடுபவருக்கு நிறை என்னும் கருத்து புதிதன்று. சீட்டுப் பிடிக்கும் பெண்களிடம் கூட்டு வட்டியை விளக்க முயன்றவர்கள் இதனை நன்கு அறிவர்.

கூலி உயர்வு ஆணைகள் கிராம அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகின்றன. ஆணை எண், நாள், புதிய கூலி ஆகியவை அதில் இருக்கும். அந்தத் தொகை எவ்வாறு வந்தது என்பது இராது. ஜார்க்கண்டின் ஒரு சிற்றூரில் 2017இல் தொழிலாளி ஒருவர், "ஒரு ரூபாய் மட்டும் ஏன்?" என்று வட்டார அலுவலரைக் கேட்டிருந்தால், பெரும்பாலும் "மேலிடத்து உத்தரவு" என்ற விடையே கிடைத்திருக்கும். "உங்கள் செலவில் நூற்றுக்கு 69 ரூபாய் உணவுக்கு என்று 1983இல் எழுதிய கணக்கின்படி கூலியை ஏற்றுகிறோம். இந்த ஆண்டு உணவு விலை அதிகம் ஏறவில்லை, ஆகவே ஒரு ரூபாய்" என்று அவர் கூறியிருக்கலாம். அதைக் கேட்ட தொழிலாளி, "இப்போது என் செலவில் உணவு அவ்வளவு இல்லையே, பேருந்துக்கும் மருந்துக்கும் அல்லவா போகிறது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார். நிபுணர் குழுக்கள் எழுப்பிய கேள்வியும் அதுவேதான்.