ஆக்சிஜன் அளவைக் கூட்டுமுன்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள பெரியவர் ஒருவரை ஒரு நாள் விடியற்காலையில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். எழுப்பினால் கண் திறப்பார்; மறுகணம் உறங்கிவிடுவார். விரலில் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 காட்டியது. “அளவு நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர்?” என்று மகன் கேட்டார். இரவில் தந்தை மூச்சுத் திணறியதைக் கண்டு, செறிவூட்டியில் நிமிடத்திற்கு 1 லிட்டராக இருந்த ஆக்சிஜனை அவர் 5 லிட்டராகக் கூட்டியிருந்தார். அன்பினால் செய்த செயல். அவரைக் குறை கூற இயலாது. ஆயினும் தந்தையின் மயக்கத்திற்கு அதுவே காரணம்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் இரத்த நுண்குழாய்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள சுவர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் மெல்லியது. ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு இந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடியே ஆகிறது. அதற்குள் ஆக்சிஜன் உள்ளே செல்ல, கரியமில வாயு வெளியேறிவிடும்.

ஆக்சிஜன் இரத்தநீரில் எளிதில் கரைவதில்லை; ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் ஏறியே பயணம் செய்கிறது. பேருந்தின் இருக்கைகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியுள்ளன என்பதைத்தான் ஆக்சிமீட்டர் சொல்கிறது. மொத்த இருக்கைகள் எத்தனை என்று அது சொல்வதில்லை. ஹீமோகுளோபின் 14 கிராமிலிருந்து 7 கிராமாகக் குறைந்த இரத்தசோகை நோயாளிக்கும் அது 98 காட்டலாம். அவர் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனோ பாதிதான்.

கரியமில வாயுவின் பயணம் வேறு வகையானது. அதன் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறி இரத்தத்தில் கரைந்து வருகிறது. நுரையீரலை அடைந்ததும் மீண்டும் வாயுவாகி மூச்சுடன் வெளியேறுகிறது. இதன் அளவை ஆக்சிமீட்டர் அறியவே அறியாது. தமனி இரத்தத்தைப் பரிசோதித்தே அறிய முடியும்.

அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகி, நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, கரியமில வாயு முழுமையாக வெளியேற வழியின்றித் தங்குகிறது. உடல் தானே ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறது: காற்று சரியாகச் சென்றடையாத பகுதிகளின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடுகிறது. தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் இந்தச் சுருக்கம் தளர்கிறது. இரத்தம் பழுதுபட்ட பகுதிகளுக்கும் சென்று, கரியமில வாயுவை இறக்கிவிடாமலே திரும்புகிறது. ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபினும் தன்னிடமுள்ள கரியமில வாயுவை இரத்தநீரில் விட்டுவிடுகிறது. மூச்சுவிடும் உந்துதலும் ஓரளவு குறைகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைய, மூளை மந்தமாகிறது.

ஆகவேதான் இத்தகைய நோயாளிகளுக்கு ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதத்திற்குள் இருந்தால் போதும் என்கிறோம். இந்த அளவு எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டு நோயாளிக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு குறைந்தால் முதலில் விரல் குளிர்ந்துள்ளதா, நகப்பூச்சு உள்ளதா, குழாய் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். நோயாளியைச் சற்று முன்சாய்ந்து உட்கார வைத்து, மருத்துவர் சொன்ன இன்ஹேலரைக் கொடுங்கள். அதன் பின்னும் உயராவிட்டால் உடனே எங்களை அழையுங்கள். அச்சத்தினால் ஆக்சிஜனை நிறுத்திவிடவும் கூடாது. ஆக்சிஜன் இன்மை இன்னும் விரைவாகக் கொல்லும். காலைத் தலைவலி, பகலில் மிகுந்த உறக்கம், குழப்பமான பேச்சு, நீட்டிய கைகளில் உதறல் ஆகியவை தோன்றினால், ஆக்சிமீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் தாமதமின்றி அழைத்து வாருங்கள்.

அந்தப் பெரியவருக்கு ஆக்சிஜனைக் குறைத்து, முகமூடி வழியாகச் செயற்கைச் சுவாசம் அளித்தோம். மறுநாள் மாலை தெளிவாகப் பேசினார், காபி கேட்டார். மகன், “88–92” என்று ஒரு தாளில் எழுதிச் செறிவூட்டியின் மீது ஒட்டியிருப்பதாக அடுத்த வருகையில் சொன்னார்.