லோன் கிடைக்கும், கட்ட முடியுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "மனை இருக்கு. 20 வருஷ லோன் போட்டு வீடு கட்டலாமா, இல்ல வாடகையிலேயே ஓட்டலாமா?" இதே கேள்வியை நானும் என் மனைவியும் மூணு மாசமா வேப்பம்பட்டு வாடகை வீட்ல உட்கார்ந்து பேசிட்டிருந்தோம். அதனால இன்னைக்கு பொதுவா அட்வைஸ் எதுவும் சொல்லப் போறதில்லை. எங்க கணக்கையே உங்க முன்னாடி வைக்கிறேன். உங்க நம்பரைப் போட்டு நீங்க பார்த்துக்கோங்க.

வங்கி சொல்ற நம்பர்

என் கைக்கு வர்ற சம்பளம் 62,000 ரூபாய். மனைவிக்கு 23,000. மொத்தம் 85,000. இதுல பாதி வரைக்கும் தவணை கட்டலாம்னு வங்கி ஒரு கணக்குப் போட்டு, 40 லட்சத்துக்கு மேலயே கிடைக்கும்னு சொன்னாங்க. எங்களுக்குத் தேவை 30 லட்சம்தான். சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். எட்டு மாசக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இவனுக்கு மூணு வயசு ஆகுற வரைக்கும் நான் வேலைக்குப் போகலைன்னா என்ன ஆகும்? அதைப் போட்டுப் பாருங்க."

வங்கியோட கேள்வி, இன்னைய சம்பளத்துக்கு எவ்வளவு தரலாம் என்பது. நம்ம கேள்வி, சம்பளம் குறையுற மாசத்துலயும் கட்ட முடியுமா என்பது. ரெண்டும் வேற வேற.

இது எங்களுக்கு மட்டும் இல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் நிறைய பேர் கேட்கறீங்க. ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ், போனஸ் இதையெல்லாம் தவணைக் கணக்குல சேர்க்காதீங்க. ஆர்டர் குறைஞ்சா முதல்ல நிக்கிறது ஓவர்டைம்தான்.

சோதனை 1: ஒரு சம்பளம்

என் 62,000-ல வாடகையை விட்டுட்டு மத்த செலவைப் பார்த்தோம். வீட்டுச் செலவு, குழந்தை, ஊருக்கு அம்மா அப்பாவுக்கு அனுப்புறது, பைக் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 36,000. மீதி 26,000. இதுதான் எங்க உண்மையான எல்லை.

30 லட்சம், 8 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாதத் தவணை 25,093 ரூபாய். மாசம் 900 ரூபாய் மிஞ்சும். குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தா அதுவும் போச்சு. மொத்தமா கட்டி முடிக்கும்போது 60 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

சோதனை 2: வட்டி ஏறினா

புது வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான் வருது. 2019 அக்டோபர்ல இருந்து, வங்கிகள் தர்ற இந்த வகைக் கடன்களை ரெப்போ விகிதம் மாதிரியான வெளி அளவுகோலோடு இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. ரெப்போ குறைஞ்சா நமக்கும் குறையும். ஏறினா நமக்கும் ஏறும்.

எவ்வளவு ஏறும்? 2022 மே மாசத் தொடக்கத்துல ரெப்போ 4 சதவீதம். 2023 பிப்ரவரியில 6.5. ஒரு வருஷத்துக்குள்ள இரண்டரை சதவீதம். 2025-ல திரும்பக் குறைச்சாங்க, ஆனா ஏறினப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. 20 லட்சத்தை 6.5 சதவீதத்துல 20 வருஷத்துக்கு எடுத்தவருக்குத் தவணை 14,911. ஒன்றரை வருஷத்துல வட்டி 9 சதவீதம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. தவணையை மாத்தாம விட்டா, அந்த மாசம் வட்டிக்கே 14,423 போயிடும். அசலுக்குப் போறது 500 ரூபாய்கூட இல்ல. பாக்கி இருந்த பதினெட்டரை வருஷம் 38 வருஷமா நீளும்.

இந்த மாதிரி நிலைமை வந்ததாலதான் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டறதா, காலத்தை நீட்டறதான்னு கடன் வாங்கினவருக்குத் தேர்வு கொடுக்கணும், அதை அவருக்குத் தெரிவிக்கணும்னு. மெசேஜ் வந்தா படிங்க. சும்மா விட்டா காலம் நீண்டுட்டே போகும்.

அதனால இன்னைய வட்டியோட 2.5 கூட்டிப் பாருங்க. 30 லட்சத்துக்கு 10.5 சதவீதத்துல தவணை 29,951. எங்க எல்லை 26,000. இங்கேயே தோத்துட்டோம்.

சோதனை 3: கட்டுற மாசங்கள்

ரெடியா இருக்கிற பிளாட் வாங்குறதுக்கும் வீடு கட்டுறதுக்கும் இங்கதான் வித்தியாசம். கட்டுமானக் கடனை வங்கி மொத்தமா தராது. பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சுன்னு வேலை முடிய முடியத்தான் வரும். வாங்கின தொகைக்கு மட்டும் வட்டி கட்டணும். ஆனா அதே மாசம் வாடகையும் கட்டணும்! கடைசிக் கட்டத்துல 30 லட்சமும் வாங்கியாச்சுன்னா வட்டி மட்டும் 20,000, வாடகை 9,000. மொத்தம் 29,000. இங்கேயும் தோல்விதான். மழை, ஆள் பற்றாக்குறைன்னு வேலை நாலு மாசம் இழுத்தா, நாலு மாசமும் இதே கதை.

இன்னொண்ணு. காண்ட்ராக்டர் சொல்ற சதுர அடி ரேட்ல போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கரண்ட் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. எங்களுக்கு அது மட்டும் 5 லட்சம். எது உள்ள, எது வெளியன்னு எழுதி வாங்குங்க.

நாங்க எடுத்த முடிவு

முதல் பிளான் 1,200 சதுர அடி. கீழே 800, மாடியில 400. சதுர அடி 2,400 ரூபாய்னு 28.8 லட்சம், மேல் செலவு 5 லட்சம். இப்போ மாடியைத் தள்ளி வெச்சுட்டோம். 800 சதுர அடிக்கு 19.2 லட்சம், மேல் செலவோட 24 லட்சம் சொச்சம். அதுல 20 லட்சம் கடன், மீதி கையில இருக்கிற சேமிப்பு.

திரும்ப மூணு சோதனை: 8 சதவீதத்துல தவணை 16,729. 10.5 ஆனாலும் 19,968. கட்டும்போது வட்டியும் வாடகையும் சேர்த்து உச்சத்துல 22,333. மூணுமே 26,000-க்குள்ள.

மாடி ரூம் அம்மா அப்பாவுக்குன்னு நினைச்சது. அதைத் தள்ளிப் போட்டதுல எனக்கு வருத்தம்தான். போன்ல சொன்னப்போ அம்மா, "மாடி ஏற எனக்கு முட்டி எங்கடா இருக்கு? கீழயே ஒரு கட்டில் போடு"ன்னுட்டாங்க.

மனைவி வேலைக்குத் திரும்பினா, வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலா கட்டலாம்னு இருக்கோம். மாறும் வட்டியில தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது. வருஷத்துக்கு ஒண்ணு கூடக் கட்டினாலே 20 வருஷத்துல மூணு வருஷத்துக்கு மேல குறையும். வரி மிச்சமாகும்னு மட்டும் நம்பி இறங்காதீங்க. புதிய வரி முறையில், நாம குடியிருக்கிற வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்ல.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை: வரப்போற தவணையில இருந்து இப்போ கட்டுற வாடகையைக் கழிங்க. அந்த வித்தியாசத்தை ஆறு மாசம் தனிக் கணக்குல போடுங்க. நாங்க 8,000 போடறோம், இது நாலாவது மாசம். இரண்டாவது மாசம் கஷ்டமாத்தான் இருந்தது. ஆறு மாசமும் தொடாம இருந்தா தைரியமா போங்க. நடுவுல எடுக்க வேண்டி வந்தா, கடன் தொகையைக் குறைங்க. அந்தப் பணமும் உங்ககிட்டயேதான் இருக்கும்.

உங்க கணக்குல எந்தச் சோதனையில இடிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.