துப்பாக்கி வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்க்காதீங்க... பிடியைப் பாருங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் தட்டி வந்தாலும் வந்தார், "நாமும் சுட்டுப் பார்த்தால் என்ன?" என்ற ஆசை பலருக்கு! ஆசை சரி... எந்தத் துப்பாக்கி வாங்குவது?

மனு பதக்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில்! 4.5 மி.மீ. ஈயக் குண்டு. தூரம் 10 மீட்டர். நடு வட்டமோ வெறும் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவுதான்!

லைசென்ஸ் உண்டா?

4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியின் சக்தி 20 ஜூலைத் தாண்டாவிட்டால், 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். '.22' தோட்டாத் துப்பாக்கிக்குக் கட்டாயம் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

கைக்கு ஏற்ற பிடி

குண்டு இல்லாத துப்பாக்கியைச் சுவரை நோக்கி நீட்டி, கண்ணை மூடுங்கள். திறந்ததும் முன்குறியும் பின்குறியும் நேராக நிற்க வேண்டும். கோணலா? அந்தப் பிடி உங்களுக்கு ஆகாது! கனமும் கவனம். போட்டியில் ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடாது. ஒற்றைக் கையால்தான் தூக்க வேண்டும்.

"காத்துதானே" என்ற அலட்சியம் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்! மொட்டை மாடியில் சுடாதீர்கள். முதலில் கிளப் துப்பாக்கியில் பழகுங்கள். பர்ஸை அப்புறம் திறக்கலாம்!