கல்லாய்ப் போன நாக்குகள்

முக்கோண வடிவம், வழவழப்பான, மின்னும் மேற்பரப்பு, இரு ஓரங்களிலும் ரம்பம் போன்ற கூர்மை, அடிப்பகுதி மட்டும் சொரசொரப்பு. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவின் பாறைகளில் இத்தகைய கற்கள் கிடைக்கின்றன. சில விரல் நகத்தளவே இருக்கும். சில உள்ளங்கையை நிறைத்துவிடும். இப்படி ஒரு கல் உங்கள் கையில் அகப்பட்டால், அது எங்கிருந்து வந்தது என்று கூறுவீர்கள்?

கற்பனை தந்த விடைகள்

பண்டைய மக்களின் கண்ணுக்கு இது நாக்கைப் போலத் தோன்றியது. எனவே ‘நாக்குக்கல்’ என்று பெயரிட்டனர். இது நிலத்தில் உண்டாவதன்று, சந்திர கிரகணத்தின்போது வானிலிருந்து விழுவது என்ற செய்தியை முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தார்.

மால்ட்டா மக்கள் வேறொரு கதை சொன்னார்கள். கப்பல் உடைந்து அத்தீவில் கரையேறிய புனித பவுலை ஒரு விரியன் பாம்பு கடித்தது. அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அவர் சபித்ததால் தீவிலுள்ள பாம்புகளின் நாக்குகளெல்லாம் கல்லாகிவிட்டனவாம்!

பாம்பின் நாக்கு என்றால் அது நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே பிறந்தது. ஐரோப்பிய அரசர்கள் விருந்து மேசையில் இக்கற்களைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டு வைத்தார்கள். மதுவில் நஞ்சு கலந்திருக்குமோ என்று அஞ்சியவர்கள் கல்லை அதில் தோய்த்த பிறகே பருகினார்கள்.

ஒரு சுறாவின் தலை

1666-ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடித்தனர். அதன் தலையைப் பிளாரன்ஸ் நகருக்கு அனுப்பும்படி அந்நாட்டுக் கோமகன் ஆணையிட்டார். அதை அறுத்து ஆராய்ந்தவர் நிக்கோலஸ் ஸ்டெனோ என்னும் டென்மார்க் நாட்டு உடற்கூற்று அறிஞர். அப்போது அவருக்கு வயது 28. சுறாவின் வாயில் வரிசை வரிசையாக அவர் கண்டவை நாக்குக்கற்களின் அச்சு அசலான வடிவங்கள்!

அவை சுறாவின் பற்களே என்று ஃபாபியோ கொலோன்னா என்னும் இத்தாலியர் 1616-லேயே எழுதியிருந்தார். எனினும் பலர் ஏற்கவில்லை. “சுறாவின் பல் கடலைவிட்டுப் பாறைக்குள் புகுந்தது எப்படி? மண்ணில் கிழங்கு விளைவதுபோல் இவையும் பாறையில் தாமே விளைந்தவை” என்றனர்.

ஸ்டெனோ இதற்குத்தான் விடை தேடினார். மரத்தின் வேர் கெட்டியான இடத்தில் வளர்ந்தால் என்ன ஆகும்? வேர் நசுங்கிக் கோணிப்போகும். அல்லது சுற்றியுள்ள கல் விரிசல் விடும். நாக்குக்கற்களிலோ கோணலும் இல்லை; அவற்றைச் சூழ்ந்த பாறையில் விரிசலும் இல்லை. ஆகவே, முதலில் கெட்டியாக இருந்தது பல். அதைச் சூழ்ந்த பாறை ஒரு காலத்தில் இளகிய சேறாக இருந்திருக்க வேண்டும். அந்தச் சேறு நீரடியில் படிந்தது. எனில், இன்று தரையாக இருக்கும் இடம் முன்பு கடலடியாக இருந்திருக்கிறது!

சேறு அடுக்கடுக்காகப் படியும்போது அடியிலுள்ள அடுக்கே முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்பதையும் 1669-இல் வெளியிட்ட நூலில் ஸ்டெனோ விளக்கினார். நிலத்தின் வரலாற்றைப் பாறைகளிலிருந்து படிக்க இன்றும் இதுவே முதற்பாடம்.

பல் மட்டும் மிஞ்சுவது ஏன்?

சுறாவின் உடல் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். சுறாவின் உடலில் இருப்பது கெட்டியான எலும்பன்று, குருத்தெலும்பு. அது பெரும்பாலும் அழுகி மறைந்துவிடும். பல்லோ மிகக் கடினமானது. மேலும் சுறாவுக்குப் பற்கள் விழ விழப் பின்வரிசையிலிருந்து புதியவை முன்னே வரும்; ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. சேற்றில் புதைந்த பல்லின் நுண்துளைகளில் நீரில் கரைந்துள்ள தாதுப்பொருள்கள் படிகின்றன. நிறம் மாறினாலும் வடிவம் மாறுவதில்லை.

உள்ளங்கையை நிறைக்கும் பற்கள் மெகலோடான் என்னும் மாபெரும் சுறாவினுடையவை. அதன் பல் சுமார் 18 சென்டிமீட்டர் நீளம்வரை இருந்தது. ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த இனம் அழிந்துவிட்டது.

நம் அரியலூர் வட்டாரப் பாறைகளிலும் சுறாப் பற்கள் கிடைத்துள்ளன. அவை மெகலோடானைவிட மிகவும் பழமையானவை. டைனோசார்கள் வாழ்ந்த கிரட்டேஷியஸ் காலத்தவை. அன்று அங்கே கடல் அலைமோதியது.

எனவே, விந்தையான கல் எதையேனும் கண்டால், அது எதைப்போல் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உடனே பெயர்த்தெடுக்கவும் வேண்டாம். எந்தப் பாறையில், எந்த அடுக்கில், அருகே வேறு எவற்றோடு அது இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அறிந்தவர்களிடம் காட்டுங்கள். இருந்த இடம் தெரியாத கல் தன் கதையில் பாதியைத்தான் சொல்லும்.